காதிரைச்சல் ஏன் ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது?

காதுக்குள் ஓயாமல் ஏதோ ஒலிக்கிறது என்று மருத்துவரிடம் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பயப்பட ஒன்றுமில்லை, பழகிக்கொள்ளுங்கள்" என்பதுதான். நிறையப் பேர் பழகியும் விடுகிறார்கள். பிறகு ஒரு நாள் காலையில் கண் விழித்தால் அதே ஒலி இரண்டு பங்காகத் தெரிகிறது. முந்தின நாள் பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை, காய்ச்சல் இல்லை, புது மாத்திரையும் இல்லை. நாலைந்து நாள் படுத்திவிட்டுத் தானாகவே இறங்குகிறது. ஏன் ஏறியது என்பதும் தெரியவில்லை, ஏன் இறங்கியது என்பதும் தெரியவில்லை.

பழகிக்கொள்ளச் சொன்ன அறிவுரையில் இதற்கு விடை கிடையாது. ஒரே அளவில் இருப்பதற்குத்தான் பழக முடியும். நாளுக்கு நாள் மாறுகிற ஒன்று, "காது இன்னும் கெட்டுப்போகிறதோ" என்ற சந்தேகத்தைக் கிளறிக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தவறு. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, ஒலி எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## அடிப்படை: வெளியே இல்லாத ஒலி

வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோது காதிலோ தலைக்குள்ளோ ஒலி கேட்பது காதிரைச்சல். மருத்துவத்தில் டின்னிடஸ் என்பார்கள். சிலருக்கு 'கொய்ங்' என்று ஒற்றைச் சுருதி, சிலருக்குச் சில்வண்டுச் சத்தம், சிலருக்கு ஆவி சீறுவது போன்ற இரைச்சல். ஒரு காதில் மட்டும் இருக்கலாம், இரண்டிலும் இருக்கலாம், நடுமண்டையில் ஒலிப்பதாகவும் தோன்றலாம். பீத்தோவன் 1801-இல் தன் நண்பர் வெகேலருக்கு எழுதிய கடிதத்தில், காதுகள் இரவும் பகலும் ரீங்கரித்துக்கொண்டே இருப்பதாகப் புலம்பியிருக்கிறார்.

இது அரிதான கோளாறு அல்ல. 2022-இல் ஜாமா நியூராலஜி இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, உலகில் வயது வந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்கு, அதாவது 74 கோடி பேருக்கு மேல், இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. கடுமையாக இருப்பவர்கள் ஏறத்தாழ 2 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஒலி கேட்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நல்ல செவித்திறன் உள்ள 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் விட்டால் நரம்பு மண்டலத்தின் சொந்தச் சலசலப்பு ஏறக்குறைய எல்லோருக்குமே கேட்கும் என்பது அதன் பொருள். சும்மா இருக்கும்போது திடீரென்று ஒரு காதில் 'கீ' என்று சுருதி எழும்பி, சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தேய்ந்து மறைவதும் அநேகமாக எல்லோருக்கும் வருவதுதான். அது நோயின் அறிகுறி அல்ல.

## ஒலி எங்கே உருவாகிறது?

காதில் கேட்கிறது என்பதால் காதில் உருவாகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்களும் 12,000 வெளி மயிர்ச்செல்களும் உள்ளன. அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுவது உள் மயிர்ச்செல்களின் வேலை. அதிர்வைக் கூர்மையாக்கித் தருவது வெளி மயிர்ச்செல்களின் வேலை. மனிதரில் இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

2. பலத்த சத்தம், வயது, சில மருந்துகள் ஆகியவற்றால் இந்தச் செல்கள் குறையும். பெரும்பாலும் உச்சச் சுருதிப் பகுதிதான் முதலில் அடிபடும். பலருக்குக் காதிரைச்சலின் சுருதியும், செவித்திறன் குறைந்த அந்தப் பகுதிக்குள்ளேயே விழுகிறது.

3. அந்தப் பகுதியிலிருந்து மூளைக்கு வரும் சைகை மெலிகிறது. மூளை சும்மா இருப்பதில்லை, தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. வானொலியில் நிலையம் மங்கலாகக் கேட்டால் ஒலியளவைத் திருகிக் கூட்டுகிறோம், கூடவே கரகரப்பும் கூடுகிறது அல்லவா, அதே நிலைதான். நரம்புகளின் இயல்பான சலசலப்பு பெருக்கப்பட்டு ஒலியாக உணரப்படுகிறது.

4. இது வெறும் ஊகம் அல்ல. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், செவித்திறனில் குறையில்லாத 18 பேர் ஒரு காதில் மட்டும் 7 நாள் அடைப்பான் போட்டுக்கொண்டார்கள். 14 பேருக்கு இல்லாத ஒலி கேட்கத் தொடங்கியது. அடைப்பானை எடுத்ததும் போய்விட்டது. காதில் எதுவும் பழுதாகவில்லை. உள்ளே வரும் ஒலி குறைந்தது, அவ்வளவுதான்.

5. எதிர்த் திசையிலிருந்தும் சான்று உண்டு. கட்டியை அகற்றும் அறுவையில் செவி நரம்பையே துண்டிக்க நேர்ந்த நோயாளிகளில் பலருக்கு, அந்தக் காது முழுக்கச் செவிடான பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. காதே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தால், கம்பி அறுந்த பிறகு அது கேட்டிருக்கக் கூடாது.

செவிப் பரிசோதனை சரியாக இருந்தும் இரைச்சல் இருப்பவர்களின் கதை என்ன? ஆடியோகிராம் எனப்படும் வழக்கமான பரிசோதனை, எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. 2009-இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். தற்காலிகமாக மட்டுமே செவியை மந்தமாக்கிய சத்தத்துக்குப் பிறகு, செவித்திறன் திரும்பி வந்தும், மயிர்ச்செல்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அறுந்திருந்தது. ஆடியோகிராம் சரியாக இருந்தும் காதிரைச்சல் உள்ளவர்களின் செவி நரம்புச் சைகை மெலிந்திருப்பதை ஷேட்டே, மெக்கால்பைன் ஆகியோர் 2011-இல் கண்டார்கள். பரிசோதனைத் தாளில் 'நார்மல்' என்றிருப்பதால் இரைச்சல் கற்பனை என்று ஆகிவிடாது.

ஆனாலும் செவித்திறன் குறைந்த எல்லோருக்கும் காதிரைச்சல் வருவதில்லை. மூளையின் பெருக்கம் மட்டும் போதாது, அந்தச் சலசலப்பைக் கவனிக்கத் தகுந்தது என்று மூளையின் மற்ற பகுதிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். உணர்ச்சி, எச்சரிக்கை, கவனம் ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளை இந்தக் கணக்கில் முக்கியமாகச் சேர்த்தவர் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர். 1990-இல் அவர் முன்வைத்த மாதிரிதான் இன்றைய ஆலோசனைச் சிகிச்சைகள் பலவற்றுக்கும் வேர்.

## 'எவ்வளவு சத்தம்' வேறு, 'எவ்வளவு தொல்லை' வேறு

இந்த இடம் பிடிபடாவிட்டால் ஏற்ற இறக்கம் ஒருபோதும் பிடிபடாது.

காதிரைச்சலை வெளியிலிருந்து அளக்கும் கருவி கிடையாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். செவித்திறனைப் பரிசோதிக்கும் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் ஒலிபுகா அறையில் நோயாளியை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, முதலில் சுருதியைத் தேடுவார். 4,000 ஹெர்ட்ஸ், 6,000 ஹெர்ட்ஸ், 8,000 ஹெர்ட்ஸ் என்று நகர்த்தி, "இதுவா, அதுவா" என்று கேட்பார். சுருதி அகப்பட்டதும் அதே சுருதியில் ஓர் ஒலியைக் கேட்கவே கேட்காத அளவிலிருந்து மெல்ல ஏற்றுவார். "என் காதில் கேட்பதும் இதுவும் சமமாக இருக்கிறது" என்று நோயாளி கைதூக்கும் இடத்தில் நிறுத்துவார். ராத்திரி தூங்கவிடாத ஒலி, காதையே பிளக்கிறது என்று சொன்ன ஒலி, பெரும்பாலும் அவருக்குக் கேட்கத் தொடங்கும் எல்லையைவிட 10 டெசிபலுக்குள்தான் நிற்கும். பலருக்கு 5, 6 டெசிபல். இதைச் சொன்னால் நோயாளிக்குக் கோபம்கூட வரும். "அப்போ நான் பொய் சொல்றேனா?"

பொய் இல்லை. மயிர்ச்செல்கள் குறைந்த பகுதியில் ஒலியுணர்வு செங்குத்தாக ஏறும். மெல்லிய ஒலி கேட்கவே கேட்காது, கேட்கத் தொடங்கிவிட்டால் சில டெசிபலுக்குள்ளேயே உரத்ததாகிவிடும். ஆகவே நரம்புச் செயல்பாட்டில் ஏற்படும் சிறு மாற்றமும் 'இரண்டு மடங்கு' என்று உணரப்பட வழி உண்டு. காரணமே தெரியாத ஏற்றங்களில் ஒரு பகுதிக்கு இதுவே போதுமான விளக்கம் என்பது என் கணிப்பு. சாதாரண அலைவுதான், அது விழும் இடம் செங்குத்தான சரிவு.

இரண்டாவதாக, இப்படி அளந்த டெசிபலுக்கும் அந்த மனிதர் படும் அவதிக்கும் தொடர்பு மிகவும் பலவீனம். 4 டெசிபலில் வேலையை விட்டவரும் உண்டு, 12 டெசிபலில் நிம்மதியாக இருப்பவரும் உண்டு. அதனால்தான் மருத்துவர்கள் டெசிபலை விட்டுவிட்டு, டி.எச்.ஐ. போன்ற வினாப்பட்டியல்களால் அவதியை அளக்கிறார்கள். 1996-இல் உருவான டி.எச்.ஐ.யில் 25 கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண். தூக்கம், கவனம், கோபம், பிறரோடு பழகுவது பற்றித்தான் அதில் கேட்கிறார்கள். சத்தம் எத்தனை டெசிபல் என்ற கேள்வியே கிடையாது.

## ஏற்றியும் இறக்கியும் விடுபவை

கீழே உள்ள பட்டியல் முக்கியத்துவ வரிசையில் இல்லை. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது.

1. சுற்றிலும் உள்ள ஒலி. அமைதியான அறையில் இரைச்சல் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் வெறும் ஒப்பீடு. இரவில் மோசமாவதற்கு முதல் விளக்கமும் இதுதான். ஆனால் முழு விளக்கம் அல்ல. கைபேசிச் செயலி வழியாக நாளில் பலமுறை பதிவு செய்யச் சொல்லி நடத்திய ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. நள்ளிரவு முதல் காலை 8 மணி வரையிலான நேரத்தில் ஒலியளவும் தொல்லையும் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அந்த நேரத்தில் மன அழுத்தம் எவ்வளவு என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. உடலின் உள்கடிகாரத்துக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும்.

2. தாடையும் கழுத்தும். பலருக்கு வியப்பாக இருப்பது இதுதான். பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். தாடையை முன்னால் தள்ளுங்கள். நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, தலையால் எதிர்த்துத் தள்ளுங்கள். காதிரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இவற்றில் ஏதாவது ஒன்றில் சுருதியோ அளவோ மாறும். காரணம் உடற்கூற்றிலேயே இருக்கிறது. செவி நரம்பு மூளைத்தண்டில் முதலில் போய்ச் சேரும் நரம்புக் கணுவுக்கு, முகம், தாடை, கழுத்து ஆகியவற்றிலிருந்தும் நரம்புச் சைகைகள் வருகின்றன. காதிலிருந்து வரும் சைகை குறைந்தால், மற்ற பாதைகளின் செல்வாக்கு அங்கே ஓங்குகிறது. தூக்கத்தில் பல் கடிப்பவர், நாள் முழுக்கக் கழுத்தைக் குனிந்து திரை பார்ப்பவர், கோணலான தலையணையில் படுத்தவர் ஆகியோருக்கு, காலையில் 'காரணமே இல்லாமல்' ஏறிய இரைச்சலுக்குக் காரணம் தசையில் இருக்கலாம். காதைத் தேடிப் பயனில்லை.

3. தூக்கமும் மன அழுத்தமும். இரண்டும் இரு திசையிலும் வேலை செய்யும். தூங்காததால் இரைச்சல் கூடும், இரைச்சலால் தூக்கம் கெடும். மன அழுத்தம் உள்ள நாளில் ஏறாமல், அது தணிந்த வாரக் கடைசியில் ஏறுவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பகலில் குட்டித் தூக்கம் போட்டு எழுந்ததும் ஒலி தூக்கலாக இருப்பதாகச் சொல்வோரும் உண்டு.

4. காதின் நிலை. குறும்பி அடைப்பு, சளி, நடுச்செவியில் நீர், விமானத்தில் அழுத்த மாற்றம். வெளியொலி உள்ளே வருவது குறைவதால் உள்ளொலி ஓங்குகிறது. இவை சரியானதும் பழைய நிலைக்குத் திரும்பும். குறும்பியைப் பஞ்சுக்குச்சியால் குடைந்து எடுக்கப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். மருத்துவரிடம் எடுத்துக்கொள்வதே நல்லது.

5. பலத்த சத்தம். இது நிஜமான காரணம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாகப் பயன்படும் வரம்பு. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனக் கணக்கில், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்.

6. மருந்துகள். அதிக அளவில் ஆஸ்பிரின், குவினைன், சிறுநீர் பெருக்கியான ஃபுரோசமைட், சிஸ்பிளாட்டின் போன்ற சில புற்றுநோய் மருந்துகள், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள். ஆஸ்பிரினால் வருவது மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் இதயத்துக்காகச் சின்ன அளவில் ஆஸ்பிரின் எடுப்பவர், காதிரைச்சலுக்குப் பயந்து தானாக நிறுத்துவது ஆபத்து.

7. காபி, உப்பு, இன்ன பிற. இந்தப் பட்டியல் இணையத்தில் நீண்டுகொண்டே போகிறது. சான்று மிகக் குறைவு. காபியை விட்டால் இரைச்சல் குறையுமா என்று பிரிட்டனில் முறையாகச் சோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. விட்டதால் வந்த தலைவலிதான் மிச்சம். உப்பைக் குறைக்கச் சொல்வது, மெனியர் நோய் என்ற தனிக் கோளாறு உள்ளவர்களுக்கு.

இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும், எதிலும் அடங்காத ஏற்றங்கள் மிஞ்சும். அது கண்டுபிடிக்கத் தவறிய காரணம் என்று எண்ணத் தேவையில்லை. மூளையின் பின்னணிச் செயல்பாடு எப்போதும் அலைந்துகொண்டே இருப்பது. அந்த அலைவின் மேல் ஒலி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

## காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

ஏற்ற இறக்கம் உள்ள எந்த நோயிலும் ஒரு கணக்குப் பொறி உண்டு. காதிரைச்சலில் அது மிக ஆழம். மாத்திரைக் கடைகளும் இணைய விளம்பரங்களும் அதை வைத்தே பிழைக்கின்றன.

ஒருவருடைய இரைச்சல் சராசரியாக 10-க்கு 4 என்று வைத்துக்கொள்வோம். சில நாள் 2-க்கு இறங்கும், சில நாள் 7-க்கு ஏறும். அவர் புது மருந்தையோ மூலிகையையோ எப்போது தேடுவார்? 2-இல் இருக்கும்போது தேட மாட்டார். 7-ஐத் தொட்ட நாளில்தான் தேடுவார். அன்று எதைச் சாப்பிட்டாலும், எதையும் சாப்பிடாவிட்டாலும், அடுத்த சில நாட்களில் அவர் 4-ஐ நோக்கித் திரும்பும் வாய்ப்பே அதிகம். திரும்பியதும் பெருமை மருந்துக்குப் போகிறது. அடுத்த முறை 7-க்குப் போகும்போது, "போன வாரம் மருந்தை விட்டதால்தான்" என்று முடிவாகிறது. புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்பல் என்பார்கள். மருந்துச் சோதனைகளில் ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாகம், தூக்கத்துக்கான மெலட்டோனின் எல்லாம் தனியாள் அனுபவத்தில் அற்புதமாகத் தெரிந்து, ஒப்பீட்டுச் சோதனையில் காலை வாரியதும் இப்படித்தான். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இவற்றைப் பரிந்துரைக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இதே பொறி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். அந்தப் பக்கம்தான் கூடுதல் சேதம். 7-ஐத் தொட்ட நாளில் முந்தின 24 மணி நேரத்தைத் துழாவினால் ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். அன்று பேருந்தில் போனது, ஒரு வாய் காபி, தொலைபேசியில் நீண்ட பேச்சு, கல்யாண மேளம். அகப்பட்டது குற்றவாளி ஆகிறது. ஆறு மாதத்தில் விலக்குப் பட்டியல் நீள்கிறது: வெளியே போவதில்லை, விருந்துக்குப் போவதில்லை, வீட்டுக்குள்ளும் காதடைப்பான். அந்த அடைப்பான்தான், மேலே பார்த்த 7 நாள் ஆய்வின்படி, மூளையின் பெருக்கத்தைக் கூட்டக்கூடிய பொருள். பலத்த சத்தத்துக்குக் காப்பு போடுவது அவசியம். சாதாரணத் தெருவுக்கும் பேச்சுக்கும் போடுவது கெடுதல்.

ஒன்று உண்மையிலேயே தனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்று அறிய விரும்புபவர் பின்னோக்கித் தேடக் கூடாது, முன்கூட்டியே சொல்ல வேண்டும். "நாளை இதைச் செய்வேன், மறுநாள் ஏறும்" என்று எழுதி வைத்துவிட்டு, சில வாரம் விட்டு விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். செய்யாத நாட்களிலும் எத்தனை முறை ஏறியது என்பதைக் கூடவே எண்ண வேண்டும். பெரும்பாலான 'காரணங்கள்' இந்தச் சோதனையிலேயே உதிர்ந்துவிடும்.

நாட்குறிப்பு வைப்பதானால் நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், இரண்டு எண் போதும்: ஒலி எவ்வளவு, தொல்லை எவ்வளவு. இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும். மணிக்கொரு தரம் "இப்போ எப்படி இருக்கு" என்று காதைத் தீட்டிக் கேட்பது, அந்த ஒலி முக்கியமானது என்று மூளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதாகவே முடியும்.

## அலட்சியப்படுத்தக் கூடாத மாற்றங்கள்

ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தீங்கற்றது என்பதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றை அடையாளம் காண்பது கடினம் அல்ல. ஒலியின் அளவைவிட அதன் தன்மையையும் கூட வரும் மற்ற அறிகுறிகளையும் பார்க்க வேண்டும்.

1. ஒரு காது திடீரென்று மந்தமாவது. 72 மணி நேரத்துக்குள் செவித்திறன் சட்டென்று இறங்கி, கூடவே இரைச்சல் தொடங்கினால் அது அவசரநிலை. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 'சளி அடைப்பு, தானாகத் திறக்கும்' என்று காத்திருந்து நாளைக் கடத்துவதுதான் இதில் அடிக்கடி நடக்கிறது. தொலைபேசியை ஒவ்வொரு காதிலும் மாற்றி வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

2. நாடித் துடிப்போடு ஒலிப்பது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் ஒலியும் துடிப்பும் ஒன்றாக விழும். இது முற்றிலும் வேறு வகை. ரத்தக்குழாயில் உண்மையாகவே ஒலி எழலாம். ரத்தசோகை, தைராய்டு மிகைப்பு முதல் மூளைநீர் அழுத்தம் கூடுவது, ரத்தக்குழாய்களின் தவறான இணைப்பு வரை காரணங்கள் உண்டு. ஸ்கேன் தேவைப்படும்.

3. ஒரே காதில் மட்டும் நீடிப்பது, அல்லது இரு காதுகளின் செவித்திறனில் வித்தியாசம் இருப்பது. செவி நரம்பின் மேல் வளரும் தீங்கற்ற கட்டியை விலக்கிப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பெரும்பாலானோருக்குக் கட்டி இருக்காது.

4. தலைசுற்றல், காதடைப்பு, மந்தம், இரைச்சல் நான்கும் சேர்ந்து வந்து வந்து போவது. மெனியர் நோயா என்று பார்க்க வேண்டும். இங்கே ஏற்ற இறக்கம் காதிலேயே நடக்கிறது.

5. முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் வலுவிழப்பது கூட வந்தால் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

இவற்றில் எதுவும் இல்லாமல், இரண்டு காதிலும் பழைய அதே ஒலி ஏறியும் இறங்கியும் நின்றால், அது புதுச் சேதத்தின் அடையாளம் என்று கொள்ள ஆதாரம் இல்லை.

## சிகிச்சை எதை மாற்றும், எதை மாற்றாது

காதிரைச்சலை அணைக்கும் மாத்திரை இன்று கிடையாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கென்று எந்த மருந்துக்கும் அனுமதி தரவில்லை. இதைச் சொன்னதும் 'ஒன்றும் செய்ய முடியாது' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல.

செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காதுக்கருவி முதல் படி. இழந்த ஒலி மீண்டும் உள்ளே வருவதால் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. பேச்சு எளிதாகக் கேட்பதால் வரும் ஆறுதல் தனி.

தொல்லையைக் குறைப்பதில் மிக வலுவான சான்று உள்ளது சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வாழ்க்கையின் மேல் காதிரைச்சலின் தாக்கத்தை இது குறைக்கிறது என்று கண்டது. இந்தச் சிகிச்சையின் குறி ஒலி அல்ல, ஒலியோடு சேர்ந்து வரும் பயமும் கவனமும்தான். உளவியல் சிகிச்சை என்றதும் 'எனக்கு மனநோயா' என்று முகம் சுளிப்பவர்கள் மேலே சொன்ன 4 டெசிபல், 12 டெசிபல் கணக்கை நினைத்துப் பார்க்கலாம்.

பின்னணி ஒலி உதவும். மழைச் சத்தம், விசிறிச் சத்தம் எதுவானாலும் சரி. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்கத் தேவையில்லை. அதைவிடச் சற்றுத் தாழ்வாக, இரண்டும் கேட்கும்படி வைத்தால் மூளை பழக இடமிருக்கும் என்பது ஆடியாலஜிஸ்டுகள் பரவலாகச் சொல்வது. சிலருக்கு ஒரு நிமிடம் பொருத்தமான ஒலியைக் கேட்டு நிறுத்தியதும், சில நொடிகளுக்கு இரைச்சலே இல்லாமல் போகும். நிரந்தரப் பலன் இல்லை. ஆனால் மூளையால் இந்த ஒலியை அணைக்க முடிகிறது என்பதற்கு அந்தச் சில நொடிகளே சான்று.

கருவிகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் லெனயர் என்ற கருவிக்கு 2023 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் முக்கிய ஆய்வுகளில் பொய்ச் சிகிச்சைக் குழு இல்லை என்ற விமர்சனம் நியாயமானது, அதுவும் சராசரியை நோக்கித் திரும்பும் இந்த நோயில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழுவினர் தாடை அல்லது கழுத்தில் மின்தூண்டலையும் ஒலியையும் நேரம் பொருத்திக் கொடுத்து, வெறும் ஒலியோடு ஒப்பிட்டார்கள். 2023-இல் வெளியான அந்த ஆய்வில், தாடை, கழுத்து அசைவால் இரைச்சல் மாறுகிறவர்களுக்கு ஒலியளவே குறைந்தது. பல்லைக் கடித்தால் மாறுகிறதா என்ற சின்னச் சோதனைக்கு இதனால் சிகிச்சை மதிப்பும் கூடியிருக்கிறது.

## ஏறிய நாளில்

மேலே உள்ள எச்சரிக்கை அறிகுறிகள் ஐந்தையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அன்றைய வேலையை முடிந்தவரை அப்படியே தொடருங்கள். அமைதியான அறையில் போய்ப் படுத்துக் கண்ணை மூடுவது, அந்த நாளில் செய்யக்கூடியவற்றிலேயே மோசமானது. மெல்லிய ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். கழுத்தையும் தாடையையும் தளர்த்துங்கள். புதிய மருந்து எதையும் அன்று தொடங்காதீர்கள். தொடங்கினால் அது வேலை செய்ததா என்று ஒருபோதும் தெரியாமலே போகும்.

வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, அடுத்த காது பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடமும் நெருங்கிய ஒருவரிடமும் சொல்லிவிட வேண்டும். கடுமையான காதிரைச்சலோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவது சகஜம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. மனச்சோர்வு தணியும்போது இரைச்சலின் தொல்லையும் தணிவது உண்டு.

மருத்துவரிடம் போகும்போது "ரொம்ப அதிகமாயிடுச்சு" என்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் சொன்னால் பாதி வேலை முடியும்: எப்போது தொடங்கியது, எந்தக் காது, துடிப்போடு ஒலிக்கிறதா, செவித்திறன் மாறியதா, தலைசுற்றல் உண்டா, தாடையை அசைத்தால் மாறுகிறதா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு, மருத்துவர் எழுதித் தராமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடுபவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.